குலிஸ்தான் படித்த குமாஸ்தாக்கள்

பாச்சலூரில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவன் குடியிருக்கிறான் என்றால் அவனுக்கு மனு எழுதும் வேலை மட்டும் ஓய்வதில்லை. போன வாரம் பக்கத்துத் தோட்டக்காரத் தம்பி வந்தார். பட்டாவில் அவர் அப்பா பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைச் சேர்க்க வேண்டும்; ஜமாபந்தியில் கொடுக்க ஒரு மனு. கூடவே அவர் மகளும் வந்திருந்தாள். ஒட்டன்சத்திரத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, ஜமாபந்தின்னு எழுதுறீங்களே, அது தமிழா?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "இல்ல பாப்பா, பாரசீகம். ஈரான் நாட்டுப் பாஷை" என்றேன்.

"ஈரான்காரங்க இங்க எதுக்கு வந்தாங்க?"

அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும்.

முதலில் சொற்கள். ரெவின்யூ இலாகாவில் இருந்தவர்கள் வாயைத் திறந்தால் பாதி பாரசீகம்தான். ஜமா என்றால் மொத்தத் தொகை. பந்தி என்றால் கட்டுதல், ஒழுங்குசெய்தல். தாசில் என்றால் வசூல். தார் என்றால் அதைக் கையில் வைத்திருப்பவர். குமாஸ்தா என்றால் நியமிக்கப்பட்டவன். நிலம் கேட்டுத் 'தர்க்காஸ்து' போடுகிறோமே, அதற்கு வேண்டுகோள் என்று பொருள். ரசீது என்றால் 'வந்து சேர்ந்தது'. தஸ்தாவேஜில் உள்ள 'தஸ்த்' கையைக் குறிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது சிரஸ்தார். மூலத்தில் அது 'ஸர் ரிஷ்தா தார்': நூலின் தலைப்பைப் பிடித்திருப்பவர். சிக்கலான ஃபைலில் எந்த நுனியைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழும் என்று தெரிந்த சிரஸ்தார்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். பெயர் பொருத்தம்தான்.

அசல், நகல், பாக்கி, வசூல், ஜப்தி எல்லாம் அரபிச் சொற்கள். பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தவை. பசலியும் அப்படித்தான். 'ஃபஸ்ல்' என்றால் அறுவடைப் பருவம். வடக்கே அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வகுக்கப்பட்ட வருஷக் கணக்கு அது. 2024 ஜூலை 1 அன்று பிறந்தது பசலி 1434. ஆங்கில வருஷத்தில் 590ஐக் கழித்தால் வரும். இன்றும் கிராமக் கணக்கு பசலியில்தான் நடக்கிறது.

சரி, இவை எப்படி வந்தன? பாரசீகம் இங்கே வந்தது கவிதையாக அல்ல, ஆட்சியாகத்தான். 1582இல் அக்பரின் அமைச்சர் தோடர்மால், எல்லா மட்டத்திலும் கணக்கைப் பாரசீகத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். வடக்கே கணக்கெழுதும் சாதியார் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு அதைக் கற்றார்கள். தெற்கே மொகலாயர் கை நீண்டபோது அந்த நிர்வாகமும் நீண்டது. ஆற்காட்டு நவாப் தர்பாரில் பாரசீகம்தான் எழுத்து மொழி. எங்கள் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக இருந்த நாளில், நவாபிடமிருந்து பாரசீகக் கடிதம் வருவதும், அதைப் படிக்கச் சொல்லிக் கேட்பதும், பதில் எழுதச் சொல்வதும் அன்றாட வேலை. அவருடைய நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்.

இந்த மலைக்குக் கீழேயும் அதே கதைதான். 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் ஃபவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். 1792இல் திப்பு ஒப்பந்தப்படி திண்டுக்கல்லைக் கும்பினியாரிடம் ஒப்படைக்கும்வரை இது மைசூரார் சீமை. திப்புவின் கடிதப் போக்குவரத்து பாரசீகத்தில் நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவருடைய நூலகத்திலிருந்து ஏறத்தாழ 2000 புத்தகங்களைக் கும்பினியார் எடுத்துப் போனார்கள். அவற்றுக்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் 1809இல் ஒரு பட்டியலே போட்டு அச்சிட்டார். அதில் கவிதைக்கென்று ஒரு பெரிய பகுதி உண்டு. சண்டைக்குப் பெயர்போன ஒரு ராஜா வீட்டில் கவிதைப் புத்தகங்களா என்று வியப்பவர்களுக்கு அடுத்த விஷயம்தான் விடை.

அந்தக் காலத்தில் பாரசீகம் கற்பது என்றால் இலக்கணப் புத்தகம் வாங்கி உட்காருவது இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் போல, அங்கே 'குலிஸ்தான்', 'போஸ்தான்' என்ற இரண்டு நூல்கள். இரண்டும் ஷிராஸ் நகரத்து ஸாதி எழுதியவை. போஸ்தான் 1257இல் முழுக்கச் செய்யுளாக எழுதப்பட்டது. குலிஸ்தான் அடுத்த வருஷம், உரைநடையும் செய்யுளும் கலந்து, எட்டு அத்தியாயங்களில். குலிஸ்தான் என்றால் ரோஜாத் தோட்டம். அதே 1258இல்தான் மங்கோலியர்கள் பாக்தாத் நகரை அழித்தார்கள். அப்படி ஒரு வருஷத்தில் ஒருவர் ரோஜாத் தோட்டம் என்று பெயரிட்டு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

கும்பினி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்களும் இதைத்தான் படித்தார்கள். 1800இல் கல்கத்தாவில் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் குலிஸ்தான் பாடப் புத்தகம். ஆக, ஒரு முன்ஷியோ குமாஸ்தாவோ வசூல் பாக்கி எழுதக் கற்றுக்கொள்ளும் முன்பே நூறு கதைகளும் சில நூறு செய்யுள்களும் அவன் மனத்தில் இருக்கும். கடிதம் எழுதும்போது தானாக ஒரு ஸாதி செய்யுள் வந்து விழும். அவனுக்குக் கணக்கும் கவிதையும் ஒரே பானையில் வெந்த சோறு.

அதிலும் ஸாதி குமாஸ்தாக்களுக்கென்றே எழுதியது போல ஒரு கதை வைத்திருக்கிறார். முதல் அத்தியாயத்தில் வருகிறது. கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நண்பர் வறுமையில் வாடுகிறார், பெரிய குடும்பம். அரசாங்கத்தில் ஒரு வேலைக்குச் சிபாரிசு செய்யச் சொல்லி ஸாதியிடம் வருகிறார். ஸாதி, அரசர் சேவகத்தில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் உயிருக்கே ஆபத்து என்கிறார். நண்பருக்குக் கோபம். என் கணக்கு சுத்தமாக இருந்தால் எனக்கு என்ன பயம் என்கிறார். அதற்கு ஸாதி ஒரு நரியைக் காட்டுகிறார். தலைதெறிக்க ஓடிய நரியிடம் ஏன் ஓடுகிறாய் என்று கேட்டார்களாம். ஒட்டகங்களைப் பிடித்து வேலை வாங்குகிறார்களாம் என்றது. அதற்கு நீ ஏன் ஓட வேண்டும் என்றார்கள். எனக்கு ஆகாதவன் எவனாவது இதுவும் ஒட்டகம்தான் என்று சொல்லிவிட்டால், நான் நரி என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள யாருக்கு அக்கறை இருக்கும் என்று நரி கேட்டதாம்.

நண்பர் கேட்கவில்லை. ஸாதி சிபாரிசு செய்கிறார். வேலை கிடைத்துப் பதவி உயர்ந்து, அரசருக்கே நெருக்கமாகிறார். ஸாதி மெக்காவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்த நண்பர் கந்தலும் கிழிசலுமாக வழியில் எதிர்ப்படுகிறார். யாரோ பொறாமையில் பழி சொன்னார்கள், அரசர் விசாரிக்கவில்லை, உடனிருந்தவர்கள் வாய் திறக்கவில்லை, சிறையிலிருந்து இப்போதுதான் வெளியே வருகிறேன் என்கிறார்.

ஆடிட் ஆட்சேபணை, சஸ்பென்ஷன், மொட்டைக் கடுதாசி என்று வாழ்ந்த நம்மில் யாருக்கு இந்தக் கதை புரியாது? எழுநூற்று அறுபது வருஷத்துக்கு முன்பு எழுதியது என்று சொன்னால்தான் நம்ப முடியாது.

ஸாதியைப் பற்றி மட்டும் சொல்லி மற்ற பெருங்கவிகளை விட்டுவிட்டால் குறைதான். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவரும் நம் பக்கம் ஏதோ ஒரு கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

காலத்தால் மூத்தவர் ஃபிர்தௌஸி. 1010 வாக்கில் 'ஷாநாமா'வை முடித்தார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஈரடிகள். முப்பது வருஷ உழைப்பு. கஜினி முகமது தங்கம் தருவதாகச் சொல்லி வெள்ளி கொடுத்ததாகவும், கவிஞர் அதைக் குளியலறை ஆளுக்கும் சர்பத் விற்றவனுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போனதாகவும், மனம் மாறி அனுப்பிய தங்கம் ஒரு வாசலில் நுழைந்தபோது கவிஞரின் பிணம் மறு வாசலில் வெளியேறியதாகவும் கதை. ஷாநாமாவில் உள்ள 'நாமா' என்ற சொல்லைப் பாருங்கள். நம் தமிழ் முஸ்லிம் புலவர்கள் நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து என்று புதிய சிற்றிலக்கிய வகைகளையே தமிழில் உண்டாக்கினார்கள். பெயர் அங்கிருந்து, பாட்டு நம்முடையது.

அடுத்தவர் நிஷாபூரின் உமர் கய்யாம் (1048–1131). தம் நாட்டில் அவருக்குப் பெயர் கணிதத்திலும் வானியலிலும்தான். நாட்காட்டியைத் திருத்தியவர்களில் ஒருவர். கவிஞராக உலகம் அறிந்தது ஃபிட்ஜெரால்டு 1859இல் வெளியிட்ட ஆங்கில நூலால். ஃபிட்ஜெரால்டுக்குப் பாரசீகம் கற்றுக்கொடுத்த கோவெல் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது, அங்கிருந்த ஏசியாட்டிக் சொசைட்டியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை நகல் எடுத்து அனுப்பி வைத்தார். அந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் பாடினார். நாஞ்சில் நாட்டில் ஆசிரியராக இருந்த, வெள்ளை வேட்டி மனிதர், மதுக்கிண்ணமும் கையுமாக இருக்கும் கய்யாமை அவ்வளவு இயல்பாகத் தமிழ் பேச வைத்தார். என் தலைமுறையில் பலருக்குப் பாரசீகக் கவிதை என்றால் அதுதான்.

ரூமி (1207–1273) பால்க் வட்டாரத்தில் பிறந்து, துருக்கியில் உள்ள கோன்யாவில் வாழ்ந்தவர். ஆறு புத்தகங்கள், இருபத்தையாயிரம் ஈரடிகள் கொண்ட 'மஸ்னவி' அவருடையது. இறைவனைக் காதலனாகவும் காதலியாகவும் விளித்துப் பாடும் சூஃபி மரபு அது. ஆழ்வார்களையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியம் இல்லை.

ஹாஃபிஸ் பதினான்காம் நூற்றாண்டு, இவரும் ஷிராஸ்தான். கஜல் என்றால் ஹாஃபிஸ். தக்காணத்துப் பாமினி சுல்தான் அவரைக் குல்பர்காவுக்கு வரச் சொல்லிப் பணமும் அனுப்பினார் என்று ஃபெரிஷ்தா எழுதுகிறார். கவிஞர் ஹோர்முஸ் துறைமுகம்வரை வந்தார், கப்பலிலும் ஏறினார். புயலைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். இந்த ஆபத்துக்கு உங்கள் பொன் ஈடாகாது என்ற பொருளில் ஒரு கவிதையை மட்டும் அனுப்பிவைத்தார். கவிஞர் வராவிட்டாலும் கஜல் வந்துவிட்டது. வாணியம்பாடியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான், 'மின்மினிகளால் ஒரு கடிதம்' என்று தமிழிலேயே கஜல் எழுதினார்.

இன்னொருவர் நம் நாட்டுக்காரர், அமீர் குஸ்ரு (1253–1325). மாலிக் காஃபூர் 1311இல் மதுரைவரை வந்த படையெடுப்பைப் பாரசீகத்தில் எழுதிவைத்தவர். எழுதியது ஜெயித்தவர் பக்கத்து வரலாறு. படிக்க நமக்கு வலிக்கும். ஆனால் அதே குஸ்ரு 1318இல் எழுதிய 'ஒன்பது வானங்கள்' என்ற நூலில் இந்தியாவின் மொழிகளைப் பெருமையாக வரிசைப்படுத்துகிறார். அதில் 'மஅபரி' என்று ஒன்று வருகிறது. மஅபர் என்பது நம் கரைக்கு அரபு வணிகர் வைத்த பெயர். ஆக, அது தமிழ்.

நம் ஊர் பாரசீகத்துக்குக் கடைசி விளக்கு சேப்பாக்கத்தில் எரிந்தது. கடைசி நவாப் குலாம் கௌஸ் கான், 'ஆஸம்' என்ற புனைபெயரில் பாரசீகக் கவிதை எழுதியவர். கர்நாடகத்துப் பாரசீகக் கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தும் வைத்தார். 1855இல் அவர் வாரிசில்லாமல் இறந்ததும் நவாப் பட்டத்தைக் கும்பினியார் ரத்து செய்தார்கள். அதற்கு முன்பே, 1837இல், கோர்ட்டுகளில் பாரசீகத்தை விலக்கச் சட்டம் வந்தாயிற்று. கவிதை போய்விட்டது. ஜமாபந்தியும் வசூல் பாக்கியும் மட்டும் நம்மிடம் தங்கின. பூவை எறிந்துவிட்டு நாரை வைத்துக்கொண்ட கதை.

இனி என் தவறு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே வாரம் ஒரு கவிதை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். பத்துப் பதினொரு வயதில் ஒப்பித்த ஒன்று மார்செலின் தேபோர்த் வால்மோர் என்ற அம்மையார் எழுதிய 'ஸாதியின் ரோஜாக்கள்'. அன்புக்குரியவருக்குக் கொடுக்க ஒருத்தி ரோஜாக்களை இடைக்கச்சில் நிறைய முடிந்துகொள்கிறாள். பூ அதிகமாகி முடிச்சு அறுந்துபோகிறது. ரோஜாக்கள் காற்றில் பறந்து கடலில் விழுகின்றன. மணம் மட்டும் உடையில் மிஞ்சுகிறது. குலிஸ்தானின் முன்னுரையில் வரும் ஒரு சிறு கதையிலிருந்து அந்த அம்மையார் எடுத்தது அது. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு வரி விடாமல் ஒப்பித்து, ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கினேன். ஸாதி என்பதைப் பூவின் ரகம் என்றோ, ஊர்ப் பெயர் என்றோ நினைத்துக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஸாதி வெகு நெருக்கம். 1634லேயே குலிஸ்தானை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார்கள். லா ஃபோந்தேன் தம் கதைப் பாட்டு ஒன்றை அதிலிருந்து எடுத்தார். புரட்சிக் காலத்து லசார் கார்னோ தம் மகனுக்கு ஸாதி என்றே பெயர் வைத்தார். வெப்ப இயந்திரங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்த ஸாதி கார்னோவைத் தெரியும். அவருடைய தம்பி மகன் இன்னொரு ஸாதி கார்னோ, பிரான்சின் ஜனாதிபதியாகவே இருந்தார்.

அப்பா காலமானதும் தாய்மாமன் வீட்டுக்குத் திண்டுக்கல் வந்தோம். பிறகு சர்வீஸ் கமிஷன் எழுதி வேலைக்குப் போனேன். எழுபதுகளின் கடைசியில் வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் ஆபீஸில் ரிகார்டு ரூம் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஃபைல்களை எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று வைத்திருக்க வேண்டிய காலத்தின்படி பிரித்து, காலம் முடிந்தவற்றை அழிப்புப் பட்டியலில் ஏற்ற வேண்டும். என்னோடு வயதான அட்டெண்டர் ஒருவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம்.

மேல் பரணில் துணியில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. நம்பர் இல்லை, தேதி இல்லை. பழுப்பேறிய கெட்டித் தாள். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. பாய் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு உருது தெரியும்.

"சார், இது கணக்கு இல்ல. நடுநடுவுல பைத்து இருக்குது. ஷேக் சாதி எழுதினது சார். இத யார்கிட்டயாவது காட்டலாம்" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது 'ஷேக் சாதிக்காரர் யாரோ எழுதியது' என்றுதான். அதனால் என்ன என்று தோன்றியது. மறுநாள் பட்டியல் மேலே போக வேண்டும். 'எண்ணற்ற பழைய தாள்கள், படிக்க இயலாதவை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. துணியை மட்டும் அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மூட்டைகளோடு மூட்டையாக அதுவும் போயிற்று.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை புதுச்சேரி போனபோது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலில் குலிஸ்தானின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தது. தெஃப்ரெமெரி 1858இல் செய்தது. பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தேன். ஆசிரியர் பெயரை 'ஷேக் ஸாதி' என்று பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பத்து வயதில் நான் ஒப்பித்த பெயரும் அன்று பாய் சொன்ன பெயரும் ஒன்று. பிரெஞ்சில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்று ஓர் அட்டெண்டர் சொன்னதால் எனக்குத் தெரியவில்லை. பாயைத் தேடிச் சொல்லலாம் என்றால் அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது என்றார்கள்.

அந்தக் கட்டு பெரிய பொக்கிஷம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னைப் போல ஒரு குமாஸ்தா, பேனா பழகுவதற்காகக் கதையும் செய்யுளுமாக எழுதிவைத்த நோட்டாகக்கூட இருக்கலாம். ஆனால் இருநூறு வருஷத்துக்கு முன்பு அதே மாதிரி மேஜையில் உட்கார்ந்திருந்தவனின் கையெழுத்தைப் படிக்க இயலாதது என்று எழுதியவன் நான். நான் எழுதியிருக்க வேண்டியது, 'எனக்குப் படிக்கத் தெரியவில்லை' என்பது.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர்த் தர்காவிலோ, பழைய ஜமீன் பெட்டியிலோ அப்படித் தாள்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. தமிழும் சமஸ்கிருதமும் போலப் பாரசீகச் சுவடிகளும் அங்கே இருக்கின்றன. அதற்கும் முன்னால், ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் ஏதாவது சொன்னால் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

அந்தப் பெண் நேற்று வந்திருந்தாள். மனுவுக்கு ரசீது கொடுத்துவிட்டார்களாம். "ரசீதுன்னா என்ன தாத்தா?" என்றாள். "வந்து சேந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றேன். நரியும் ஒட்டகமும் கதையையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனாள். வீட்டில் போய் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். காலையில் காப்பித் தோட்டத்துப் பக்கமிருந்து அவர் கத்திக் கேட்டார்: "சார், அந்த நரி கடைசில தப்பிச்சுதா இல்லையா?"